சனிக்கு எண்பது நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. குடைக்கம்பி உடைந்துவிட்டது. பள்ளியில் பெரியவர்களுக்கான மாலை வகுப்புக்கு ஏழு பேர். சூரிய வெளிச்சம் பூமிக்கு வர எட்டு நிமிடம் என்றேன். பால்வெட்டும் அஞ்சலை விடவில்லை. "அப்ப மத்த கெரகத்துக்கெல்லாம், வாத்தியாரே?" புத்தகம் பார்த்து எழுதிக் கொடுத்தேன். புதன் 3, வெள்ளி 6, பூமி 8, செவ்வாய் 13, வியாழன் 43, சனி 80. அவளுக்கு இன்னும் 'க' வரிசையே முடியவில்லை. ஆனாலும் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மார்ச் 5, வியாழன்
நல்ல வெயில். காலையில் தோட்டத்து கேட்டில் போலீஸ் சோதனை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சோறு, பிஸ்கட் எதையும் வெளியே விடுவதில்லை. அஞ்சலையிடம் சோறு இல்லை, தாள் இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த போலீஸ்காரர் உரக்கப் படித்தார். "புதன் மூணு, வெள்ளி ஆறு... என்னாடி இது, எந்தக் கிழமைக்கு எத்தனை படி அரிசியா? பூமி எட்டுன்னா எந்த எடம்?"
"வெளிச்சங்க, சார்."
"யாரு எழுதுனது?"
நான் பத்தடி தூரத்தில் நின்றேன். என்னைப் பார்த்தாள்.
"நாந்தாங்க எழுதுனேன்."
வாய் திறக்கவில்லை நான். அவளை லாரியில் ஏற்றிப் போனார்கள். பள்ளிக்குப் போய் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன்.

மார்ச் 6, வெள்ளி
புழுக்கம். சாக்பீஸ் தீர்ந்தது. அஞ்சலையின் புருஷன் முனியன் வந்தான்.
"அவளுக்குப் பேரே எழுத வராதுங்களே. யாரு எழுதுனதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, வாத்தியாரே?"
"தெரியாது" என்றேன். முகத்தைப் பார்த்தே சொன்னேன்.
"சரிங்க" என்று போய்விட்டான்.
பேசாமலிருக்கக் காரணங்கள்: வேலை போகும். சொந்த ஊருக்கே கப்பலேற்றி விடுவார்கள். மூன்றாவதாக ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை. பயம், அவ்வளவுதான்.

மார்ச் 7, சனி
முதல் பஸ்ஸில் பகாவ் டவுனுக்கு. தாளை எழுதியது நான்தான் என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். அதையே மறுபடி எழுதச் சொன்னார்கள். அதே கையெழுத்து. கிரகப் புத்தகத்தையும் காட்டினேன்.
அதே போலீஸ்காரர்: "ரெண்டு நாளா எங்கய்யா இருந்தீரு?"
மத்தியானம் அவளை விட்டார்கள். கண் வீங்கியிருந்தது. பஸ்ஸில் அவள் முன்னால், நான் கடைசி வரிசை. தோட்டத்தில் இறங்கியதும், "மன்னிச்சிரும்மா" என்றேன்.
"நீங்க என்னா பண்ணுவீங்க, வாத்தியாரே. நீதான எழுதுன, இப்ப எழுதிக் காட்டுன்னு பென்சிலக் குடுத்தாங்க. முடியல. எல்லாரும் சிரிச்சாங்க. வெக்கமாப் போச்சு."
வெட்கம் அவளுக்காம்.