நாலாம் நம்பர் தொட்டியின் அடித்தகடு

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா சுகமா? இங்கே என் தலைதான் வெடிக்கிறது. உங்கள் மேற்பார்வையில் இருக்கிற நாலாம் நம்பர் எண்ணெய்த் தொட்டியை இந்த வருடம் காலிசெய்து அடித்தகட்டைச் சோதிக்கத் திட்டம் போட்டிருந்தேன். மேலதிகாரி தள்ளிவைக்கப் பார்க்கிறார். சுவர்த்தகடு நல்ல கனமாக இருக்கிறதாம். சுவரை வெளியே நின்றே அளக்கலாம், அடியை உள்ளே இறங்காமல் அளக்க முடியுமா? சட்டை வெளுப்பாயிருந்தால் வயிற்றில் புண் இல்லையென்று ஆகிவிடுமா? அடி விளிம்பில் துருவும் ஈரமுமாக இருக்கிறது என்றீர்களே, அதை அவர் கண்ணால் பார்த்தால் போதும். இருபதாம் தேதி கூட்டிவருகிறேன்.

அவசரத்தில்,
உங்கள் மச்சினன்

மார்ச் 14

மாப்ளே,

நீ வர்றேன்னதும் உன் அக்காவுக்குக் கால் தரையில பாவல. பெரிய அதிகாரியோட வர்றே, உன் மானம் போகலாமா? ஆள் வெச்சு விளிம்பு பூராத் துருவைச் சுரண்டி, தார் பூசி, ரெண்டு கோட் வெள்ளை பெயிண்ட் அடிச்சாச்சு. தொட்டி கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்குது. வந்து பாரு!

அத்தான்

மார்ச் 22

அத்தான்,

துருவைக் காட்டத்தானே ஐயா கூட்டிவந்தேன்! அவர் பெயிண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மூணு வருஷம் தாராளமா ஓடும், சோதனையைத் தள்ளிவெச்சுக் கையெழுத்துப் போடுப்பா" என்றார். துரு இருந்தது என்று வாயைத் திறந்தால், "மறைச்சது யாரு?" என்பார். உங்கள் வேலை போகும். போட்டுத் தொலைத்தேன். அடியில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் நேரே மண்ணுக்குள் போகும். உங்கள் குவார்ட்டர்ஸ் கிணறு பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீரை முகர்ந்து பார்த்துக் குடியுங்கள்.

மச்சினன்

ஜூலை 9

மாப்ளே,

கிணத்துத் தண்ணியில வாடை வருதுன்னேன். "அது உங்க மேல வர்ற வாடை, குளிச்சிட்டு வாங்க"ங்கிறா உன் அக்கா. விளிம்புல ஒரு இடத்துல பெயிண்ட் கொப்புளம் விட்டிருக்கு. வெயிலுக்கா இருக்குமோ?

அத்தான்

ஜூலை 13

அத்தான்,

வெயிலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். மேலதிகாரியிடம் கத்திப் பார்த்தேன். "கையெழுத்துப் போட்டவன் நீ, இப்ப நீயே கத்துறியா? அத்தாட்சி கொண்டா" என்கிறார். கொப்புளத்தைச் சுரண்டிப் படமெடுத்து அனுப்புங்கள். பெயிண்ட் அடிக்கச் சொன்னதே நான்தான் என்று எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் காலில் விழுகிறேன்.

மச்சினன்

ஜூலை 20

மாப்ளே,

படமெடுக்கத்தான் போனேன். மனசு வரல. எனக்காகக் கையெழுத்துப் போட்டவன் நீ. உன்னை நானே காட்டிக்கொடுப்பேனா? இன்னொரு கோட் அடிச்சுட்டேன். இப்ப ஒண்ணும் தெரியல. குடிதண்ணி மெயின் ரோட்டுக் குழாய்லேர்ந்து அக்கா தூக்கிட்டு வர்றா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தா, உளறிட்டேன். இனிமே இதைப் பத்தி எழுதாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அத்தான்