பேச்சியம்மா அடுப்பும் சீனா சேட்டிலைட்டும்

மே 20, செவ்வாய்

வெயில் காலையிலேயே தகரத்தைச் சுடுகிறது. மூட்டு வலி குறைவு. குழாயில் தண்ணீர் வந்தது. பேச்சியம்மா கொடுத்த டீ, கூடவே ஒரு கிண்ணம் உடைந்த முறுக்கு. எனக்குப் பல் போன நாளிலிருந்து உடைசலைத் தனியாக எடுத்து வைக்கிறாள். டீயில் ஊறப்போட்டுச் சாப்பிடுவது. கீழே அவள் முறுக்கு அடுப்பு, மேல் அறையில் நான். வேறென்ன வேண்டும்.

பின்னால் ஓடும் நாலாவை, அதான் பெரிய சாக்கடையை, அகலப்படுத்திச் சுவர் கட்டப்போகிறார்களாம். அளக்க ஒரு பெண் வந்தாள். பெயர் ரோகிணி. மாட்டுங்காக்காரி, அங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண். நீளக் கம்பி, உச்சியில் காளான் மாதிரி ஒரு டப்பா, கையில் போன் மாதிரி ஒன்று. அவள் போடும் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சாக்கடையை ஒட்டி இருப்பதெல்லாம் இடிபடும்.

போய் எட்டிப் பார்த்தேன். திரையில் வரிசையாக டிக். என்னவென்று கேட்டேன்.

"அமெரிக்கா, ரஷ்யா, யூரோப், சைனா. எல்லாரோட சேட்டிலைட்டும் போட்டுக்கணும் தாத்தா. இந்தச் சந்துல வானமே ஒரு பட்டைதான் தெரியறது. ரொம்பத் தாழ இருக்கறதை மட்டும் கட் பண்ணிட்டேன். அந்த சிக்னல் தகரத்துல பட்டுத் திரும்பி வந்து ஏமாத்தும்."

நமக்கு நாக்கு சும்மா இருக்குமா.

"ஏம்மா, சீனாக்காரன் பார்டர்ல நிக்கது போதாதா? நம்ம சந்துக்குள்ளயும் அளக்க வந்துட்டானா?"

சந்தே சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். மொபைல் கடை முத்துராசு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டான்.

"சீனாவ ஆஃப் பண்ணுங்க மேடம். நம்ம வீட்ட அவன் எதுக்குப் பாக்கணும்?"

பின்னாலிருந்து ஒருத்தன், "ரஷ்யாக்காரன் மட்டும் ஒழுங்கா? அவனையும் எடுங்க."

"அரே, அது யாரையும் பார்க்காது. அதோட சிக்னலை நாமதான் கேக்கறோம்" என்றாள். யார் காது கொடுத்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. பாவம், இரண்டு டிக்கையும் எடுத்தாள். அப்புறம் இடத்தைக் காட்ட டப்பா லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். குடை பிடித்தேன். அதையாவது செய்தேன்.

கடைசியில் ஏதோ காட்டியது. கோடு போட்டாள். கோடு பேச்சியம்மா அடுப்பறை நடுவில்.

"நாளைக்கு வேற நேரத்துல வந்து ஒரு தடவை செக் பண்ணுவேன். இதே இடம் வந்தா ஃபைனல்."

பேச்சியம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

மே 21, புதன்

புழுக்கம். தூக்கம் இல்லை. டீ வந்தது. உடைசலும் வந்தது. கிண்ணத்தை அப்படியே மூடி வைத்தேன்.

ரோகிணி வருவதற்கு முன்னாலேயே சந்து முனையில் போய் நின்றேன். நான் வாயைத் திறந்ததால்தான் கோடு தப்பாகப் போனதா என்று கேட்டேன்.

"தெரியாது தாத்தா. நேத்து மிச்சம் இருந்த சேட்டிலைட் கொஞ்சம்தான். அதுவும் ஒரே பக்கமா. அப்போ சரின்னு காட்டிட்டு தப்பாவும் இருக்கலாம். எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். அப்பவும் கோடு அங்கேயே விழலாம், நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்க இன்னிக்கு கலாட்டா பண்ணப்படாது."

"நான் எங்கம்மா பண்ணுதேன்?"

"நீங்கதான் பண்ணினேள்!"

கம்பி நட்டதும் முத்துராசு ஆஜர். "சீனா ஆஃப்தான மேடம்?"

விடக்கூடாது என்று நானே புகுந்தேன்.

"ஏலே முத்துராசு, உன் கடைச் சரக்கு பூரா எவன் செஞ்சது? அதுக்கு நீ அவனுக்குத் துட்டு எண்ணி வைக்க. இது மேல பாட்டுக்குச் சுத்துது. ஒத்தப் பைசா கேக்காம நம்ம சந்த அளந்து குடுக்கு. சீனாக்காரன்ட்ட ஓசியில வேல வாங்க உனக்கு வலிக்கோ?"

முத்துராசு வானத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நெசமாவே ஓசியா மேடம்?"

"ஓசிதான்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அப்ப நல்லா வேல வாங்குங்க. ரஷ்யாக்காரனையும் விடாதீங்க."

எல்லா டிக்கும் போட்டாள். டப்பா சீக்கிரமே ஒத்துக்கொண்டது. அவள் விடவில்லை. டப்பாவை அணைத்து, திரும்பப் போட்டு, இன்னொரு தடவை அளந்தாள். இரண்டு தடவையும் அதே இடம். அடுப்பறைச் சுவருக்கு வெளியே, நாலாவை ஒட்டிக் கிடக்கும் கல் மேல். நேற்றைய கோட்டை அவளே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்தாள்.

பேச்சியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் குடையை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். வெயில் என்று சொன்னேன். அப்போது மேகம் மூடியிருந்தது.

நன்றி: ரோகிணி. குடை. முத்துராசு (அவனுக்குத் தெரிய வேண்டாம், தலை கனத்துவிடும்). சீனாக்காரன், ரஷ்யாக்காரன், பெயர் தெரியாத மற்றவர்கள்.

மே 22, வியாழன்

காற்று. மழை வரும்போல. செருப்பு வார் அறுந்துவிட்டது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

அடுப்பு மூட்டியாகிவிட்டது. புகை நேராக என் அறைக்கு. இருமல். நல்ல இருமல்.

டீ வந்தது. கிண்ணத்தைக் காணோம். தட்டில் ஒரே ஒரு முழு முறுக்கு. சிவக்கச் சுட்டது, கல் மாதிரி.

"என்ன பேச்சியம்மா, உடைசல் இல்லையா?"

"சீனாக் கதைய மொதல்ல ஆரு எடுத்துவிட்டதுன்னு எனக்குத் தெரியாதோ அண்ணாச்சி? இன்னைக்கு முழுசாத் தின்னுங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. உள்ளே போய்ச் சிரித்தது கேட்டது.

கடிக்க முடியவில்லை. தம்ளரில் முக்கலாம் என்றால் முறுக்கு பெரிது, உள்ளே போகவில்லை. மத்தியானம் வரை ஓரத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். எள் போட்டிருக்கிறாள்.