மலைக்கு இந்தப் பக்கம்

பனி இளகுற மாசம், வளர்பிறை மூணு

மேற்கேயிருந்து வந்த ராஜாவோட படை இன்னும் நம்ம பள்ளத்தாக்குலதான் குந்தியிருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் காபிசா நாட்டைப் பிடிக்கணுமாம். கணவாய்ல மார்பளவு பனி. தாண்டவும் முடியல, திரும்பிப் போனா மானம் போயிடும். அதனால நம்ம ஆட்டைத் தின்னுட்டு இருக்கானுங்க.

"மலை நமக்குக் கோட்டைன்னு பீத்திக்குவியே"ன்னு குத்துறா என் பொண்டாட்டி ருஷ்னா. கோட்டைதான்டி. நாம அதுக்கு வெளியில மாட்டிக்கிட்டோம், அவ்வளவுதான்.

ஆறு

நம்ம வீட்டுல தங்கியிருக்கிற படைத்தலைவனுக்கு மூக்கன்னு பேர் வெச்சிருக்கேன். மொகத்துல மூக்குதான் பாதி. நம்ம பாஷை கொஞ்சம் தெரியும். "பெரியவரே, கணவாய் எப்பத் திறக்கும்?"னான்.

"தாழ்ப்பாள் அந்தப் பக்கம் இருக்குங்க. யாராச்சும் போய்த் திறக்கணும்."

சிரிச்சான். சிரிச்சுட்டு மிச்சமிருந்த தயிர்க்கட்டியையும் தின்னுட்டான்.

எட்டு

இன்னிக்கும் பனி. ஆடு தீந்துபோச்சு.

பத்து

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். மூக்கனைச் சீண்டத்தான் சொன்னேன் — "இத்தனை ஈட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, எங்க கவரிமாடு நெஞ்சாலேயே பனியைத் தள்ளி வழி போட்டுடும்"னு. அவன் சிரிக்கல. "எத்தனை மாடு இருக்கு?"ன்னான்.

மாட்டைப் பிடுங்கிட்டுப் போகத்தான் கேக்குறான்னு புரிஞ்சுது. உடனே ஒரு புளுகு விட்டேன்: "அதுங்க முரடுங்க. வக்ஷக் சீட்டியடிச்சாத்தான் காலை எடுத்து வெக்கும்." மாட்டைக் காப்பாத்துறதா நெனப்பு எனக்கு.

வக்ஷக் என் மவன். ஒரே மவன்.

பதினொண்ணு

கூட்டிட்டுப் போயிட்டானுங்க. மாட்டையும் அவனையும். துணைக்குப் பக்கத்து வீட்டு ஸ்பந்தக்கையும்.

மூக்கன் குதிரைக்கு முன்னாடி போய் நின்னேன். "நான் புளுகுனேங்க. யார் ஓட்டினாலும் மாடு போகும். என்னைக் கூட்டிட்டுப் போங்க"ன்னேன். தோளைத் தட்டிட்டு, "எப்பப் பாத்தாலும் உங்களுக்கு விளையாட்டுத்தான்"னான்.

வக்ஷக் காதுகிட்ட வந்து, "அப்பா, எனக்குச் சீட்டியே அடிக்கத் தெரியாதே"ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஏன் சிரிச்சோம்?

பதிமூணு

உச்சியில புகை மாதிரி பனி பறக்குது. அப்படின்னா மேல பெருங்காத்து. ருஷ்னா வாசலை விட்டு உள்ளே வரல. கீழ நிக்கிறவன் நான் என்னத்தச் செய்ய? மலையைப் பாத்துக் கத்தலாம். கத்தினேன். தொண்டைதான் போச்சு.

தேய்பிறை அஞ்சு

ஸ்பந்தக் வந்துட்டான். நம்ம மாடு ஒண்ணு மேல குப்புறப் படுத்துக்கிட்டே வந்தான். கால்விரல் எல்லாம் கருத்துப்போச்சு, இனிமே உதவமாட்டான்னு விட்டுட்டாங்களாம்.

"வக்ஷக் நல்லாத்தான் இருக்கான் பெரியப்பா. கணவாயைத் தாண்டிட்டோம்."

"அப்ப ஏன்டா வரல?"

"முன்னாடி இன்னொரு மலை நிக்குது. அங்கேயும் வழி போடணுமாம். மூக்கன் அவனை விட மாட்டேங்கிறான்."

ருஷ்னா அவன் காலுக்குக் கொழுப்பு தடவிக்கிட்டே என்கிட்ட கேட்டா: "அந்த மலைக்கு அப்புறம் என்ன இருக்கு?"

வாலிபத்துல உப்பு ஏத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனவன் நான். அதுக்கு அப்புறமும் மலை. அதுக்கும் அப்புறம் மலை.

"சமவெளி"ன்னேன். "பச்சப்பசேல்னு இருக்கும்."

நான் புளுகினா மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுத் திட்டுவா. இன்னிக்கு நிமிந்து பாக்கல. தடவிக்கிட்டே இருந்தா.