தொட்டுப் பார்க்க ஒரு நிலப்படம் வேண்டி

அனுப்புநர்:
ச. கலாவதி,
பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
பழைய நிலப்படக் கண்காட்சி,
காஞ்சிபுரம்.

பொருள்: பார்வையற்றோர் தொட்டு அறியும் நிலப்படத்தைக் கண்காட்சியில் வைக்க மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே பார்வையற்றவள். பட்டுச் சேலைக் கடையொன்றில் தொலைபேசியில் ஆர்டர் எடுக்கிறேன். இம்மனுவைக் கைபேசியில் பேசிப் பதிந்து, அது வாசிக்கக் கேட்டு நானே திருத்தினேன்.

2. இம்மாதத் தொடக்கத்தில், என்னுடன் வேலை செய்யும் பிரவீனாவுக்குத் துணையாகத் தங்கள் கண்காட்சிக்கு வந்தேன். எனக்கு அங்கே என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். பழைய ஜில்லா படத்தின் முன்னால் அவள் நின்றாள். பிறகு என் உள்ளங்கையை விரித்து, கண்ணாடிக்குள் இருந்ததை விரலால் வரைந்து காட்டினாள்.

“இது பாலாறு, அக்கா. இது நம்ம வேகவதி. செய்யாறு தெக்காலேர்ந்து வருது. மூணும் திருமுக்கூடல்ல ஒண்ணா சேர்ந்துக்கினு கடலுக்குப் போவுது.”

3. ஐயா, பாலாறு எனக்குப் பேருந்து பாலத்தின்மேல் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்று. திருமுக்கூடல், நடத்துநர் கூவும் ஒரு பெயர். இவையெல்லாம் ஒன்றையொன்று தேடி வந்து சேர்கின்றன என்பதும், ஊருக்கு ஒரு வடிவம் உண்டு என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. நான் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து கடக்கிற தெருக்கள், நான் இல்லாதபோதும் எல்லாம் ஒரே நேரத்தில் அங்கேயே இருக்கின்றன! கண்ணுள்ளவர்களுக்கு இது சாதாரணமாக இருக்கலாம். எனக்கு அப்படியில்லை. கையை மூட மனமில்லாமல் விரித்தபடியே வீடு வந்தேன்.

4. அரங்கில் தந்த அந்த ஜில்லா படத்தின் அச்சுப் பிரதியை அட்டையில் ஒட்டி, ஆறுகளுக்குப் பட்டு நூல், சாலைகளுக்குப் பருத்தி நூல், ஏரிகளுக்கு வெல்வெட் துணி, கோயில்களுக்குப் பாசிமணி என்று நானும் பிரவீனாவும் வைத்து ஒட்டினோம். எங்கள் தெருவில் குடியிருக்கும், என்னைப் போலவே பார்வையற்றவரான தேவசகாயம் அண்ணன் தொட்டுப் பார்த்தார். வாலாஜாபாத் அவர் சிறுவயதில் விட்டு வந்த ஊர். அதன்மேல் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. “இவ்ளோ கிட்டயாமா இருக்குது?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் அங்கே கிளம்பிப் போய்விட்டார்.

5. அந்த அட்டையைத் தங்கள் அரங்குக்குக் கொண்டுவந்தோம். வாயிலில் இருந்த ஊழியர், “கண்ணு தெரியாதவங்களுக்கு மேப்பு எதுக்குமா? இங்க எதையும் தொடக்கூடாது” என்று திருப்பி அனுப்பினார். அவர்மீது நடவடிக்கை எதுவும் நான் கோரவில்லை. போன மாதம் வரை நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அசலைத் தொடக்கூடாது என்ற விதியும் சரியே.

6. ஆகவே, எங்கள் படத்தைத் தாங்கள் சரிபார்த்து, அசலுக்குக் கீழே கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மேசையில் வைக்க உத்தரவிட வேண்டுகிறேன். மாத முடிவில் கண்காட்சி வேறு ஊருக்குப் போய்விடும் என்பதால் விரைந்து ஆவன செய்யக் கோருகிறேன்.

பக்கத்துச் சுவரில் உலகப் படம் ஒன்று இருப்பதாகவும், அதில் பெரும்பகுதி கடல்தான் என்றும் பிரவீனா சொன்னாள். தாங்கள் அனுமதித்தால் அதற்கும் நூல் ஒட்டித் தருகிறோம். கடல் எங்கே போய் முடிகிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டும், ஐயா.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ச. கலாவதி

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 18.07.2025