வான்ஸ்கட் வீட்டு மாப்பிள்ளை

6 அக்டோபர் 2025, திங்கள்

மன்னித்துவிடுங்கள் நைனா. அரசு வேலைத் தேர்வுக்குக் குறிப்பெடுக்க நீங்கள் வாங்கித் தந்த நோட்டு இது. முதல் எட்டுப் பக்கம் ஐந்தாண்டுத் திட்டங்கள். மீதி காலி. அதில் என் கதையை எழுதத் தொடங்கிவிட்டேன். வாயைத் திறக்காத பெண்ணுக்குக் கையாவது ஓடட்டும்.

ஆபீஸில் ஐந்தாவது மாதம். திருத்தணி ரயில்வே ஸ்டேஷன் பக்கம், மருந்துக்கடைக்கு மேல் மாடி. ஏழு பேர். இங்கிலாந்து சர்ச்சுகளில் இருநூறு, முந்நூறு வருடத்துக்கு முன் கையால் எழுதிய ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவேடுகளின் படம் திரையில் வரும். பார்த்து டைப் அடிப்போம். தன் குடும்பப் பெயர் எங்கே பிறந்தது, எங்கெல்லாம் பரவியது என்று தெரிந்துகொள்ள அங்கே ஆட்கள் பணம் கட்டுகிறார்கள். இங்கே பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தோடு முடிகிற விஷயம்.

நவம்பரோடு சோதனைக் காலம் முடிகிறது. ஏழு பேரில் இரண்டு பேரைத்தான் வைத்துக்கொள்வார்களாம். வேகத்தில் நான் கடைசி.

நான் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் கையில் இருக்கும் பெயர் வான்ஸ்கட். உலகம் முழுக்கத் தேடினாலும் முந்நூறு பேர் தேறமாட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன்.

“பிஸ்கட்டு பேரு மாதிரி கீது” என்றாள்.

9 அக்டோபர், வியாழன்

ஆபீஸ் பொறுப்பாளர் அனுராதா மேடம் சுவரில் இங்கிலாந்து வரைபடம் ஒட்டினார். ஒவ்வொரு வான்ஸ்கட் குடும்பத்துக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. வடக்கே யார்க்‌ஷயரில் ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றி அம்மை போட்ட மாதிரி. தெற்கே கெண்ட் கடற்கரையில் ஒரு சின்னக் கொத்து. நடுவில் ஒன்றுமே இல்லை.

இந்தப் பெயரைத் தேடித் தரச் சொல்லிக் கேட்டவர் ஆர்தர் வான்ஸ்கட். வயது எழுபத்தொன்பது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக ஒரே ஒருவரைத் தேடுகிறார் — தாமஸ் வான்ஸ்கட். 1763-இல் இந்தத் தாமஸ் அந்தப் பள்ளத்தாக்கு சர்ச்சில் தன் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். இன்று வடக்கில் இருக்கும் எல்லாப் புள்ளியும் அவர் வம்சம். ஆனால் தாமஸ் பிறந்த பதிவு எங்கும் இல்லை. கெண்ட்டிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆர்தர் அங்கேயே தேடிக்கொண்டிருக்கிறார். டிசம்பருக்குள் கிடைக்காவிட்டால், தான் எழுதும் குடும்ப வரலாற்றுப் புத்தகத்தில் “பூர்விகம் தெரியவில்லை” என்று போட்டு முடித்துவிடுவாராம்.

எனக்குத் திட்டு. பதிவேட்டில் பண்ணையின் பெயர் எழுதிய கட்டம் ஒன்று உண்டு. அதை அடிக்கத் தேவையில்லை. நான் மட்டும் அடிக்கிறேன், அதனால்தான் மெதுவாம். எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையில் வீட்டைச் சொல்லாமல் ஆளைச் சொல்ல முடியாது. அந்தப் பழக்கம். மேடத்திடம் இதைச் சொன்னேனா? இல்லை. தலையை ஆட்டினேன்.

12 அக்டோபர், ஞாயிறு

நைனாவோடு பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போனேன். மோட்டார் பம்பு விஷயமாக யாரோ வெளியூர்க்காரர் வந்திருந்தார். நைனாவைக் காட்டி, “இவரு யாரு?” என்று கடைக்காரர் கோதண்டத்தைக் கேட்டார்.

“இவரா? பங்காரு வூட்டு மாப்ள.”

“பேரு?”

கோதண்டம் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு சிரித்தார். “பேரு யாருக்குத் தெரியும்? இருவத்தாறு வருசமா மாப்ளன்னுதான் கூப்டுகினு கீறோம். இன்னா மாப்ள?”

“ஆங்” என்றார் நைனா. அவரும் சிரித்தார். ஆனால் கடைசி வாய் டீயைக் குடிக்காமல் கிளாஸை வைத்துவிட்டார்.

தாத்தா பங்காருவுக்கு ஒரே பெண், என் அம்மா தேவகி. மூன்று ஏக்கர், ஒரு கிணறு. நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நகரி பக்கத்திலிருந்து நைனாவை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தார்கள். ஆடித் திருவிழா நோட்டீஸ் டீக்கடைச் சுவரில் இன்னும் இருக்கிறது. அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தது நைனா. மூட்டையைத் தோளில் சுமந்துவந்து இறக்கியதும் நைனா. நோட்டீஸில் “அமரர் பங்காரு குடும்பத்தார்.”

வேதாசலம். அவர் பெயர் வேதாசலம். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நகரி பக்கம் தெலுங்குக் குடும்பங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுப் பேர் உண்டு, வான்ஸ்கட் மாதிரி வழிவழியாக வருவது. நைனாவுக்கும் ஒன்று இருந்திருக்கும். சின்ன வயதில் ஒருமுறை கேட்கப் போனேன். அம்மா உதட்டில் விரல் வைத்தாள். அதற்குப் பிறகு கேட்டதில்லை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அதிரசம் கொஞ்சம் கெட்டி. தாமஸ் ஞாபகமாகவே இருக்கிறது.

23 அக்டோபர், வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

1763 தாமஸின் பதிவில் பண்ணையின் பெயர் ஹை கார்த். அந்தப் பெயரை ஏற்கெனவே அடித்திருக்கிறேனே என்று தோன்றியது. தேடினேன். ஜூன் மாதம், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அடித்தது: ஜான் வான்ஸ்கட், ஹை கார்த். அவருக்கு ஒரே பிள்ளை. பெண். பெயர் ஹானா. 1739.

கெண்ட்டிலிருந்து வந்த தாமஸ் நேராக ஜானின் பண்ணையிலேயே எப்படிக் குடியேறுவார்?

பெண்குழந்தை என்றால் அதோடு வம்ச வரிசை நிற்கும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. கல்யாணம் ஆனால் பெயர் மாறிவிடும், ஆகவே தொடர வேண்டியதில்லை. பெயருக்கு எதிரில் “முடிந்தது” என்று சிவப்பில் குறித்துவிட வேண்டும். ஹானாவுக்கு எதிரில் சிவப்பு இருக்கிறது. போட்டது நான்தான். பங்காருவின் பேத்தி.

ஒரே பெண். நிலம் இருக்கிறது. பார்க்க ஆள் இல்லை. — அப்புறம் இன்னா பண்ணுவாங்க? எங்கூட்ல பண்ணதத்தான் பண்ணியிருப்பாங்க!

24 அக்டோபர், வெள்ளி

கல்யாணப் பதிவேடுகள் அடுத்த மேசை பிரேம்குமாரிடம். அடுத்தவருக்குக் கொடுத்த பதிவேட்டுக் கட்டைத் திறக்கக் கூடாது என்பது கண்டிப்பு. சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

“இன்னா மோனிஷா, வெள்ளக்காரன் கல்யாணத்துக்கு மொய் வெக்கப் போறியா?” என்றார். ஆனாலும் 1761-ஐத் திறந்து காட்டினார்.

இருந்தது. ஹானா வான்ஸ்கட், ஹை கார்த். மாப்பிள்ளை தாமஸ் பெல், பக்கத்து ஊர். எழுதத் தெரியாத ஹானா கீழே ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். தாமஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் எழுத்தின் வால் கதிர் அரிவாள் மாதிரி வளைந்து மேலே ஏறுகிறது.

ஒன்பது வருடம் கழித்து வேறு யாருடைய கல்யாணத்துக்கோ சாட்சிக் கையெழுத்து: தாமஸ் வான்ஸ்கட். அதே அரிவாள்.

பிரேம்குமார் சோற்றை மறந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ஏய்... ஒரே ஆளு!” என்றார்.

தாமஸ் எங்கிருந்தும் வந்து வான்ஸ்கட் ஆகவில்லை. மாமனார் வீட்டுக்கு வந்து வான்ஸ்கட் ஆனார்.

27 அக்டோபர், திங்கள்

கந்த சஷ்டி. மற்ற ஊர்களில் இன்று சூரனை வதைப்பார்கள். எங்கள் மலையில் சண்டை கிடையாது, கூடை கூடையாகப் பூ. அம்மாவோடு படி ஏறினேன். பாதியில் அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்தாள். “இன்னாடீ உம்முனு கீற?” என்றாள்.

நாளைக்கு மேடத்திடம் சொல்லப் போகிறேன். விதியை மீறியதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முருகா, குரல் மட்டும் வெளியே வரட்டும்.

28 அக்டோபர், செவ்வாய்

வந்தது. பாதி.

அனுராதா மேடம் அம்பத்தூரிலிருந்து ரயிலில் வருகிறவர், ஒரு கண் எப்போதும் கடிகாரத்தில். “உன் வேலை டைப் பண்றது மோனிஷா. துப்பறியறது இல்ல. அடுத்தவங்க கட்டை யார் தொடச் சொன்னது?” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. வழக்கம்போல “சாரி மேடம்” என்று திரும்பியிருப்பேன். கால் திரும்பவில்லை.

“ரெண்டு கையெழுத்தையும் ஒரு தடவ பாருங்க மேடம். அப்புறம் வேலைய விட்டுத் தூக்குறதுன்னாலும் தூக்குங்க.”

நானா சொன்னேன்? நான்தான்.

பார்த்தார். ரயிலை விட்டுவிட்டார். கிளம்பும்போது, “வெள்ளிக்கிழமை ஆர்தர் வீடியோ கால்ல வர்றார். நீயே சொல்லு” என்றார்.

நானா? இங்கிலீஷிலா?

31 அக்டோபர், வெள்ளி

நாலரை மணிக்கு வந்தார். திரையில் ஒல்லியான முகம், பின்னால் புத்தக அலமாரி. மேடம் என் நாற்காலியை முன்னால் தள்ளிவிட்டார்.

எழுதி வைத்திருந்த தாளைப் படித்தேன். ஹானா, நிலம், கல்யாணம், அரிவாள் வால். முடித்ததும் அவர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது — முப்பது வருடமாக வான்ஸ்கட் என்று மார்தட்டிய மனிதரிடம், உங்கள் ஆண்வழி வான்ஸ்கட்டே இல்லை, பெல் என்று சொல்லியிருக்கிறேன். ஐயோ.

கடைசியில் ஒன்றுதான் கேட்டார். எத்தனையோ நிபுணர்கள் பார்த்தார்கள், உனக்கு மட்டும் இது எப்படித் தோன்றியது?

தாளில் அதற்குப் பதில் இல்லை. “மை ஃபாதர் ஆல்சோ, சார்” என்றேன். நான்கே வார்த்தை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்ணின் அப்பா ஜான் உயில் எழுதியிருந்தால் யார்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கும், தேடச் சொல்கிறேன் என்றார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். இல்லை என்றேன். எனக்குக் கேட்க இருப்பது அவரிடம் இல்லை.

5 நவம்பர், புதன்

பதில் இல்லை.

10 நவம்பர், திங்கள்

பதில் இல்லை. பிரேம்குமார், “மொய் வெச்சது திரும்பி வராது போல” என்றார். வேகம் இன்றும் நான்தான் கடைசி. பண்ணைப் பெயரை விடாமல் அடிக்கிறேன்.

14 நவம்பர், வெள்ளி

கிடைத்துவிட்டது கிடைத்துவிட்டது கிடைத்துவிட்டது.

ஜானின் உயில். 1762. மேடம் எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். ஹை கார்த் நிலம் முழுவதும் என் மகள் ஹானாவுக்கும் மருமகன் தாமஸ் பெல்லுக்கும். ஒரே நிபந்தனை: அவனும் அவன் வாரிசுகளும் இனி என்றைக்கும் வான்ஸ்கட் என்ற பெயரையே தாங்க வேண்டும்.

கெண்ட்டும் அதிலேயே தீர்ந்தது. ஜானின் சித்தப்பா பிள்ளைகள் கப்பல் வேலைக்காகத் தெற்கே போனவர்கள், அவர்களுக்கு நிலம் வேண்டாமாம். ஆக, தெற்கிலிருந்து யாரும் வடக்கே வரவில்லை. வடக்குப் பெயர்தான் தெற்கே போயிருக்கிறது. வரைபடத்தில் மேடம் மேல்நோக்கிப் போட்டிருந்த அம்புக்குறியை அவரே கோடிட்டு அடித்தார். என் கையில் பேனாவைக் கொடுத்தார். கீழ்நோக்கி ஒன்று போட்டேன். கோணல்தான். பரவாயில்லை.

பிரேம்குமார் மேசையைத் தட்டினார். ஏழு மேசையும் அதிர்ந்தன. கீழே மருந்துக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்துவிட்டார்.

ஆர்தரின் கடிதம் இரண்டு வரி. முப்பது வருடமாக ஓர் ஆணைத் தேடினேன், எங்கள் பெயரைக் காப்பாற்றியது ஒரு பெண். இதை என் பேத்திகளிடம் இன்றே சொல்லப் போகிறேன்.

18 நவம்பர், செவ்வாய்

விதி மாறியது. இனி பெண்குழந்தை பெயருக்கு எதிரில் சிவப்பு கிடையாது. பண்ணைப் பெயர் எல்லோரும் அடிக்க வேண்டும். “உன்னால எங்க வேகமும் போச்சு” என்று முறைக்கிறார் பிரேம்குமார்.

ஹானாவுக்கு எதிரில் இருந்த “முடிந்தது” என்பதை நானே அழித்தேன்.

28 நவம்பர், வெள்ளி

என்னை வைத்துக்கொண்டார்கள். டைப் அடிக்க இல்லை. ஆராய்ச்சிப் பிரிவு. பிரேம்குமாரையும். அனுராதா மேடம் கை கொடுத்தார். “அடுத்த பேரு வேல்ஸ்ல. நாப்பது பேர்தான் இருக்காங்க. இந்தத் தடவை நீயே எல்லாக் கட்டையும் திற.”

ஆர்தரின் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் செல்லுக்கு வந்திருக்கிறது. வம்ச மரத்தில் ஹானா. பக்கத்தில் அதே அளவு எழுத்தில் தாமஸ் பெல். நான் கேட்கவே இல்லை, அவராகவே போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் என் பெயரையும் போடுகிறாராம். எப்படி அச்சிட வேண்டும் என்று திங்களுக்குள் நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு படிவம். இரண்டு கட்டம். முதலாவதில் மோனிஷா என்று அடித்தேன். இரண்டாவது, குடும்பப் பெயர்.

நிரப்பவில்லை.

30 நவம்பர், ஞாயிறு

காலையில் கொல்லைக்கு, கிணற்றடி நிலத்துக்குப் போனேன். நைனா வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சொல்லிவிட்டிருப்பாள், முகமெல்லாம் சிரிப்பு. செல்லில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சேற்றுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“யாரும்மா இந்தத் தாமசு?”

“அந்த வூட்டுக்கு மாப்ளயா வந்தவரு நைனா. அவரு சொந்தப் பேர இப்பதான் கண்டுபுடிச்சோம். அதையும் சேத்து அச்சுல போட்டுட்டாங்க.”

“எத்தினி வருசம் கழிச்சி?”

“இருநூத்தி அறுவத்திநாலு.”

செல்லை உடனே திருப்பித் தரவில்லை. வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். போய் மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர்ச் சத்தம் அடங்கியது.

“எங்கூட்ல மொத பட்டதாரி நீ. இவ்ளோ பெரிய வேல பண்ணிட்டு சும்மா நிக்கிற. இன்னா வோணும் கேளு. பொடவையா? புது செல்லா? இன்னிக்கே பஜாருக்குப் போய் வாங்கித் தரேன்.”

படிவமும் அதே செல்லில்தான் இருந்தது. இரண்டாவது கட்டம் இன்னும் காலி. இந்த முறை உதட்டில் விரல் வைக்க அம்மா பக்கத்தில் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

“அதெல்லாம் வேணாம் நைனா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இங்க வர்றதுக்கு முன்னாடி உங்க வூட்டுப் பேரு இன்னா?”