கேரியர் உறுதியாக இருக்க வேண்டும்

சவுக்குமலைத் தோட்டம்,
மேல்பிரிவு, பொகவந்தலாவை.
8.8.1956

அன்புள்ள தம்பி செல்லசாமிக்கு,

அக்கா நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் மச்சானும் மகள் பூரணியும் உடம்புக்குச் சுகம். மனம் சரியில்லாததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கொழும்பில் உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? முதலாளி புதுக் கடையை உன் பொறுப்பிலேயே விட்டிருப்பதாக எழுதியிருந்தாய். படித்துச் சந்தோசப்பட்டேன்.

உன் மச்சானுக்குப் புது சைக்கிள் எடுத்து அனுப்பப் போவதாகவும், எது வேண்டும் என்று கேட்டும் நீ எழுதியதிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சில்லை. ரலியா, ஹம்பரா என்று அடுப்புக் கரியால் சுவரில் படம் போட்டுப் பார்க்கிறார். சுண்ணாம்பு அடித்த சுவர் பாழாய்ப் போயிற்று. தினமும் தோட்டத்துத் தபால் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கடைத்தெருத் தபாலாபீசுக்கு நடந்து, திரும்ப மேடேறி துரை ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கிற மனிதர். ஆடி மழையில் நனைந்து இருமுகிறார். அவருக்கு வண்டி வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனாலும் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

எனக்கு வேண்டிய வண்டியை முதலில் சொல்கிறேன், சிரிக்காதே. பச்சை நிறம் வேண்டாம், நம்மை மேய்க்கிற கண்டாக்கையாவின் சைக்கிள் பச்சை. விளக்கு வேண்டாம், அவர் வண்டியில் விளக்கு எரிவதில்லை. மொத்தத்தில் அவர் பார்த்து, பாவம் இவனுக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று நினைக்கிற மாதிரி ஒரு வண்டி. உயரமும் குறைவாக இருக்கட்டும், சட்டென்று காலை ஊன்ற வேண்டும். குறுக்குக் கம்பி இல்லாமல் பெண்கள் ஓட்டுகிற வண்டி உண்டாமே, அதுவானாலும் நல்லதுதான். எல்லோரும் ஏறிப் போவதற்கு வண்டி பார்ப்பார்கள். நான் இறங்குவதற்கு வண்டி பார்க்கிறேன்.

நீ சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போனவன், மறந்திருப்பாய். துரை பங்களா வளைவில் சவுக்கு மரங்கள் தொடங்கும் இடத்திலிருந்து கேட்டைத் தாண்டும் வரை தொழிலாளி யாரும் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. துரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கீழ் லயத்துப் பழனியாண்டி போன மாசியில் ஏதோ அவசரத்தில் ஏறியபடியே போய்விட்டான். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவன் குடியிருந்த காம்பராவின் சட்டி பானையெல்லாம் ரோட்டுக்கு வந்தது. துரையோடு பேசுவதாகச் சங்கத்துத் தலைவர் சொன்னார், இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார். அப்படி நிறுத்தப்பட்டவனை அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பேர் பதிய மாட்டார்கள். பிரஜாவுரிமையும் இல்லாத நாம் அப்புறம் எங்கே போய் நிற்பது?

உன் மச்சான் இத்தனை வருசமும் நடந்தே போனதால் வம்பில்லாமல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், பழகிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாடகை சைக்கிளை எடுத்தார். பூரணியை முன்கம்பியிலும் என்னைக் கேரியரிலும் ஏற்றிக்கொண்டு ஆற்றோரத்துச் சமதரை ரோட்டில் ஓட்டினார். தம்பி, அந்த ரோட்டில் நான் எத்தனையோ தரம் சுமையோடு நடந்திருக்கிறேன், ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். பூரணி வழி நெடுக மணி அடித்தாள். எதிரே வந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

வண்டியை மறுநாள் தபாலுக்குப் போகும்போது கொடுத்தால் போதும் என்றதால் வீட்டுக்கே கொண்டுவந்தோம். மேட்டில் இறங்கி நடந்தோம். பங்களாவுக்குக் கீழே ரோடு சமமானதும் மறுபடி ஏறினோம். இருந்த சந்தோசத்தில் வளைவு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அங்கே கண்டாக்கையா குடையோடு நின்றார். குடை நுனியால் தரையைக் காட்டினார். மூன்று பேரும் இறங்கினோம். கேட் வரை தள்ளிக்கொண்டு போகும்போது பூரணி, 'ஏப்பா எறங்கிட்டோம், வண்டி ஒடஞ்சிருச்சா?' என்று கேட்டாள். உன் மச்சான் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார். வீட்டுக்கு வந்து சோறும் வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் காலையில் தபால் பையை மாட்டிக்கொண்டே, 'புது வண்டி வரட்டும் புள்ள. அதுலருந்து நா எறங்க மாட்டேன்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமென்றால் நாலு நாளில் ஆறிவிடும்.

இதுவரை நேற்று எழுதி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். இன்றைக்குக் கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது லயத்து வாசலில் பூரணி விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வாயால் மணியடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினாள். கோடிக் காம்பராப் பக்கம் வந்ததும் நின்றாள், காலை மாற்றி இறங்கினாள், தலையைக் குனிந்துகொண்டு தள்ளிப் போனாள். ஏன்டி என்று கேட்டேன். 'இங்கன எறங்கணும்மா, எல்லாரும் எறங்கித்தான் போகணும்' என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தம்பி. அவளாகவே கற்றுக்கொண்டுவிட்டாள்.

அதனால் மேலே நான் கேட்ட வண்டி வேண்டாம். அவர் ஆசைப்பட்ட உயரமான வண்டியையே எடு. பச்சையென்றால் பச்சை. விளக்கும் இருக்கட்டும். கேரியர் மட்டும் உறுதியாக இருக்கிறதா என்று நீயே உட்கார்ந்து பார்த்து எடு.

ஆனால் உடனே அனுப்பிவிடாதே. புதுக் கடையில் ஓர் ஆள் தேவைப்படுமா என்று முதலாளியிடம் கேள். மூட்டை தூக்குவார், காவல் இருப்பார், எழுதப் படிக்கவும் தெரியும். நான் தேயிலை பொறுக்கும் ஸ்டோரில் வேலை தேடிக்கொள்வேன். ஒழுகாத அறை ஒன்று பார். அது கிடைக்கும் வரை, வண்டி இன்னும் கப்பலில் வந்து இறங்கவில்லை என்று அவருக்கு எழுதிக்கொண்டிரு. அந்தப் பொய்யின் பாவம் என்னைச் சேரட்டும். இந்தக் கடிதத்தைக்கூட அவர் பையில் போடாமல், கடைத்தெருவுக்குப் போகிற பக்கத்துக் காம்பரா வீரம்மா கையில்தான் கொடுத்து விடுகிறேன்.

அறை கிடைத்ததும் வண்டியை அட்டன் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடு, அவர் போய் எடுத்து வருவார். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, அட்டன் வரைக்கும் நாங்கள் சைக்கிளிலேயே வருகிறோம். மாரியாத்தா உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள். கூடப் பிறந்தவன் என்று எனக்கு நீ ஒருவன்தான். தோட்டத்தை விட்டுப் போகிற அன்றைக்கு அந்த வளைவில் அவர் இறங்காமல் ஓட்டும்போது நான் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், பூரணி முன்னால் இருந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி செய்து கொடு, சாமி.

உன் அன்பு அக்கா,
நாகலெட்சுமி