பாட்டுல வச்ச வெடிச்சத்தம்

ஜூலை, வியாழக்கிழமை

கம்ப்யூட்டர் கார் ரேஸ் கேமில் எங்க சாத்தூர் ரோட்டைச் சேர்த்து, அதுக்கு நானும் என் கூட்டாளி முருகேசனும் சொந்தமாப் போட்ட பாட்டு இன்னிக்குத்தான் முடிஞ்சது. ஜெயிக்கிற இடத்தில் ஒரு வெடிச்சத்தம் வேணும்னு கேட்டது நான்தான். அவன் பொட்டலில் வெடி வச்சுப் பதிஞ்சு கொண்டாந்தான்.

மத்தியானம் என் செல்போன் கடை ஸ்பீக்கரில் முழுச் சத்தமா வச்சோம். நல்லா வந்திருக்குன்னு சிரிச்சோம். வெளியே வந்தா, கம்பெனியில வெடிச்சிருச்சுன்னு தெருவே வாசலில் நிக்குது. முருகேசனோட அப்பா செருப்பில்லாம பட்டாசு கம்பெனிப் பக்கம் ஓடிக்கிட்டிருந்தார். அவன் அம்மா அங்கனதான் வெடிக்கு மருந்து அடைக்கிறாக.

முருகேசன் பைக்கில் பின்னாலேயே போய், "பாட்டுதாம்ப்பா, நில்லுங்க"ன்னு கத்தியிருக்கான். அவர் நிக்கலையாம். கம்பெனி வாசலுக்கு அவன் அம்மா வந்து நின்ன பிறகுதான் தரையில் உட்கார்ந்தாராம்.

சாயங்காலம் முருகேசன் வந்தான். "அந்தச் சத்தத்த எடுத்துருலே. பாட்டுல என் பேரும் வேணாம்"னான். சொல்லிட்டுப் போயிட்டான்.

எடுத்துட்டேன். அது இல்லாம பாட்டு சப்புனு இருக்கு. இனி யாரோட சேர்ந்து போட?

இப்ப ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன். அந்த இடம் வந்தா, சத்தம் இல்லாட்டியும் உடம்பு தூக்கிப்போடுது.